துயர்ச் செய்தியும் தோழியர் கடனும்

ஓர் ஊர்க்குப் புதியராய் வந்தார் ஒருவர். அவர் அறியாத செய்தியொன்று அவ்வூரில் உண்டு. அஃது அவர்க்கே உரிய செய்தி. அறியின் அவர் நெஞ்சம் உடைந்துவிடும். ஊரார் அதனை அறிவர். அவருடன் இருப்போரும் அறிவர். இந்நிலையில் உடனிருப்போர் அதனை அவர்க்கு எடுத்துரைத்தல் முறையோ, மறைத்து வைத்தல் முறையோ? கதைகளில் இவ்வினா பலகால் எழுகின்றது. நம் காப்பியப் புலவர் இதனை எங்ஙனம் கையாண்டனர் என்று சிறிது ஆராய்ந்து பார்த்தலே இக்கட்டுரையின் நோக்கம். ஆனர்ஸ் வகுப்பில் சிலப்பதிகாரத்துத் துன்பமாலையைப் பயின்ற நாளில் இவ்வினா எம் நெஞ்சில் ஆழமாய்த் தைத்தது. அதற்கு நூல் மட்டும் காரணம் அன்று.

யாம் வாழ்வது யானைக்கவுனி. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் சென்னைக் கறுப்பர் நகரத்தைச் சூழ மதில் எழுப்பிய காலத்து அமைந்த வாயில்களுள் ஒன்றன் பெயர் அது. அம்மதிலின் பொருட்டு மக்களிடம் வரி தண்ட எண்ணினர், தண்டாமலே விட்டனர். மதிலின் பெரும்பகுதி போயிற்று, வாயிலும் போயிற்று, வாங்காத வரியின் பெயர் மட்டும் வால்டாக்ஸ் சாலை என்று நிலைத்துவிட்டது. முன்னாளில் நாடகங்களுக்குப் பெயர் பெற்றிருந்த ஒற்றைவாடைக் கொட்டகை அச்சாலையில்தான் இருந்தது. இன்று அவ்வழியே செல்வோர் காண்பன பார்சல் அலுவலகங்களும், தங்கும் விடுதிகளும், மூட்டை ஏற்றிய கைவண்டிகளுமே.

மூன்றாண்டுகட்கு முன், யாம் பள்ளியிறுதி வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது, எம் பெரியப்பா ஒருநாள் இரவு மார்படைத்து இறந்தார். அவருடைய ஒரே மகன் கோயம்புத்தூரில் கல்வி பயின்று வந்தார். பெரியோர் கூடிப் பேசி, இறந்த செய்தியைச் சொல்லாது, “அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, உடனே புறப்பட்டு வா” என்று தொலைபேசியில் தெரிவித்தனர். தந்தி வழங்கிய காலத்திலும் இவ்வாறே செய்தனர் என்பர். அச்சேவை 2013-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நிறுத்தப்பட்டது; வழக்கம் நிறுத்தப்படவில்லை. மறுநாட் காலை சென்ட்ரல் நிலையத்துக்குச் சென்று அண்ணனை அழைத்துவரும் பணி எமக்கு இடப்பட்டது. “வழியில் வாய் திறக்காதே” என்று மும்முறை சொல்லி அனுப்பினர்.

நிலையத்திலிருந்து வால்டாக்ஸ் சாலை வழியே இருவரும் நடந்தோம். அண்ணன் கேட்டார்: “அப்பா எப்படி இருக்கார், தம்பி?” யாம், “ஆஸ்பத்திரியில் இருக்கார், அண்ணா” என்றோம். அதன்பின் அவர் ஒன்றும் கேட்கவில்லை. எம் தெரு முனையில் தேநீர்க்கடை வைத்திருப்பவர் அவரைக் கண்டதும் கையிலிருந்த குவளையைக் கீழே வைத்து எழுந்து நின்றார். சலவைக்கடைக்காரரும் எழுந்து நின்றார். அப்போதே அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. தெருவெல்லாம் தெரிந்திருந்த ஒன்றைத் தாம் ஒருவரே அறியாது நடந்துவந்ததும் தெரிந்துவிட்டது.

இந்நினைவோடுதான் யாம் துன்பமாலையைப் படித்தோம்.

கண்ணகி மதுரைக்குப் புதியவள். கவுந்தியடிகள் அவளையும் கோவலனையும் ஆயர்குல முதுமகளாகிய மாதரியிடம் அடைக்கலமாகத் தந்தார். மாதரி தன் மகள் ஐயையை அவளுக்குத் துணையாக்கினாள். இடைச்சேரியிற் கண்ணகி தங்கத் தொடங்கி நெடுநாள் ஆகவில்லை. கணவனுக்குத் தன் கையால் உணவு சமைத்துப் படைத்தாள். அவன் ஒற்றைச் சிலம்பை எடுத்துக்கொண்டு நகரினுள் சென்றான். பொற்கொல்லன் வஞ்சத்தால் கொலையுண்டான். இவ்வளவும் கொலைக்களக் காதையில் முடிந்துவிடுகின்றது. அடுத்து வருவது ஆய்ச்சியர் குரவை. ஆதலின் குரவையைப் படிக்கத் தொடங்கும்போதே நமக்கு உண்மை தெரியும், கண்ணகிக்குத் தெரியாது. சேரியில் குடத்துப் பால் உறையவில்லை, ஏற்றின் கண்களில் நீர் வடிகின்றது, வெண்ணெய் உருகவில்லை, ஆட்டுக்குட்டிகள் துள்ளாது கிடக்கின்றன, ஆவின் கழுத்து மணிகள் அற்று வீழ்கின்றன. ஏதோ தீங்கு வருகின்றது என மாதரி உணர்கின்றாள். உணர்ந்தவள், கண்ணகியும் காணுமாறு குரவை ஆடுவோம் என்று தன் மகளிடம் சொல்கின்றாள். எழுவர் மகளிர் கைகோத்து ஆடுகின்றனர். கணவன் உடல் வெட்டுண்டு தெருவிற் கிடக்க, மனைவி ஆடல் காண்கின்றாள். மாதரி எதனையும் மறைக்கவில்லை. அவள் அறிந்தது அச்சம் ஒன்றே. அறிந்திருந்தும் வாளா இருப்போர் படிப்போராகிய நாமே. இளங்கோவடிகள் நம்மையே அத்தோழியர் கூட்டத்தில் நிறுத்திவிட்டார் என்று எமக்குத் தோன்றுகின்றது.

துயரை மறைத்தல் இக்காப்பியத்தில் இங்குத்தான் தொடங்குகின்றது என்றும் எண்ணற்க. புகாரை விட்டு நீங்கிச் சிறிது தொலைவே நடந்த நிலையில், கால் நொந்த கண்ணகி, மதுரை மூதூர் எது என்று கணவனைக் கேட்கின்றாள். கோவலன் சிரித்துக்கொண்டே, ஆறைங்காதந்தான், அணித்து என்கின்றான். ஆறும் ஐந்தும் ஆகிய காதம் என்றும் அதனைக் கேட்கலாம்; ஆறு ஐந்து, அதாவது முப்பது காதம் என்றும் கேட்கலாம். கணவன் பொய் சொல்லவில்லை; மெய்யும் சொல்லவில்லை. கேட்டவள் தன் ஆற்றலுக்கு ஏற்பப் பொருள் கொள்ளுமாறு விட்டுவிட்டான். மறைப்பு வகைகளுள் இதனை யாம் வெறுக்கமாட்டோம். நடந்தே தீரவேண்டிய வழியின் நீளத்தை முதலடியிலேயே கணக்கிட்டுக் கூறுவதால் நடப்பவள் கால் வலிமை பெறப்போவதில்லை. மேலும் வழியின் நீளம் நடக்க நடக்கத் தானே வெளிப்படும். ஒருவரும் அதனைக் கடைசிவரை ஒளிக்க இயலாது.

இருவர் கனவுகளின் நிலையும் நோக்கத்தக்கது. புகாரில் கண்ணகி தீக்கனாக் கண்டாள். அதனைத் தேவந்தி என்னும் தோழிக்குச் சொன்னாள். மதுரைப் புறஞ்சேரியில் கோவலன் தான் கண்ட தீக்கனாவை மாடலன் என்னும் மறையோனுக்குச் சொன்னான். மனைவி கணவனுக்கோ, கணவன் மனைவிக்கோ தம் கனாவைச் சொன்னதாகக் காப்பியத்தில் இல்லை. ஒருவரையொருவர் காப்பதாக எண்ணி இருவரும் வாய்மூடியிருந்தனர். இருவரும் தம் கனாக்களை ஒருங்கு வைத்துப் பார்த்திருந்தால் அச்சிலம்பு கடைத்தெருவுக்குப் போயிருக்குமா என்று கேட்கத் தோன்றுகின்றது. ஊழ்வினையைப் பெரிதும் வற்புறுத்தும் நூலில் அவ்வாறு கேட்டல் தகாது என்று எம் ஆசிரியர் ஒருவர் வகுப்பில் மறுத்தார். மறுப்பை ஏற்றோம், எனினும் ஐயம் முற்றும் தீரவில்லை.

இனித் துன்பமாலைக்கு வருவோம். குரவை முடிந்தது. மாதரி பூவும் புகையும் சாந்தும் கொண்டு திருமாலை வழிபட வையைத் துறைக்குப் போயினாள். அந்நேரம் நகரினுள் எழுந்த ஆரவாரம் கேட்டு ஒருத்தி விரைந்து வருகின்றாள். அவள் பெயரை அடிகள் கூறவில்லை. வந்தவள் கண்ணகி முன் நின்று ஒன்றும் பேசாதிருக்கின்றாள். கண்ணகி அவளை வினவத் தொடங்குகின்றாள். என் கணவனைக் காணேன், நெஞ்சம் உலைத்துருத்திபோல் உயிர்க்கின்றது, அயலார் என்ன பேசிக்கொள்கின்றனர் என்று கேட்கின்றாள். விடை இல்லை. நண்பகலிலேயே நடுக்கம் மிகுகின்றது, ஊரார் சொன்னது என்ன என்று மீண்டும் கேட்கின்றாள். விடை இல்லை. மூன்றாம் முறையும் கேட்கின்றாள். அதன்பின்னரே அவ்வாய்ச்சி சொல்கின்றாள்.

இம்மூன்று வினாக்களையும் வீணே மும்முறை அடுக்கியதாகக் கருதுவார் உளராயின், அவர் துயர்ச் செய்தி சுமந்து ஒருநாளும் நின்றிலர் என்று யாம் சொல்வோம். முதல் வினாவுக்கும் மூன்றாம் வினாவுக்கும் இடையில் கண்ணகி மாறிவிடுகின்றாள். முதலிற் கேட்பவள் கணவன் ஏன் வரவில்லை என்று கலங்குபவள். மூன்றாம் முறை கேட்பவள் ஏதோ வஞ்சம் நேர்ந்தது என்றே ஐயுறுபவள். பேசாது நின்றவளின் முகமே அவளைப் பாதிவழி நடத்திவிட்டது. எஞ்சிய பாதியையே சொல் நடத்தவேண்டியிருந்தது. ஆகவே அவ்வாய்ச்சியின் வாளாமை மறைப்பு அன்று. கேட்பவள் செய்தியின் வாயிலில் வந்து நிற்கும்வரை காத்திருத்தலே அது. அவள் பொய்யொன்று சொல்லியிருந்தாளாயின், உன் கணவன் நலமாக உள்ளான் என்றிருந்தாளாயின், அவ்வாயில் அடைபட்டிருக்கும். யாம் “ஆஸ்பத்திரியில் இருக்கார்” என்றபோது செய்தது அதுவே. அண்ணனின் அடுத்த வினாவை எம் விடை கொன்றுவிட்டது.

கம்பர் காட்டும் ஓர் இடத்தை இதனோடு ஒப்பிடல் தகும். தயரதன் இறந்தபின், கேகய நாட்டில் இருந்த பரதனை அழைத்துவர ஓலையுடன் தூதர் செல்கின்றனர். வான்மீகியார் நூலில், இராமன் காடு சென்றதையும் அரசன் இறந்ததையும் சொல்லலாகாது என்று வசிட்டரே தூதர்க்குக் கட்டளையிடுகின்றார். கம்பர் நூலில் பரதன் தந்தையின் நலம் வினவ, வலிமையோடு இருக்கின்றான் என்று தூதர் விடை கூறுகின்றனர். பரதன் மகிழ்கின்றான்; இராமனும் இலக்குவனும் நலமோ என்று கேட்டு, அதற்கும் இசைவான விடை பெற்றுக் கைகளைத் தலைமேல் குவிக்கின்றான். தூதர்மேல் பழி சொல்வது எளிது அன்று. அரசன் இறந்த நாட்டில் இளவரசன் இன்றி ஈமக்கடன் நடவாது. செய்தியை வழியிற் சொன்னால் அவன் வந்து சேர்வானோ என்னும் அச்சம் உண்டு. ஆயினும் நேர்ந்தது யாது? பரதன் பொலிவிழந்த கோசல நாட்டைக் கண்டு மனங்கலங்கியே நகர் புகுந்தான். தந்தை இறந்ததை, அவ்விறப்புக்குக் காரணமாக நின்ற கைகேயியின் வாயினின்றே கேட்க வேண்டியவனானான். கோசலை முன் சென்றபோது, உன் தாயின் வஞ்சம் உனக்கு முன்னரே தெரியாதோ என்னும் பொருள்படும் வினாவை எதிர்கொண்டான். தான் ஒன்றும் அறியேன் என்று மெய்ப்பிக்கச் சூளுரை மேல் சூளுரையாக அடுக்கவேண்டியவனானான். அறியாதவன் குற்றவாளிபோல நின்றான். மறைத்தோர் எல்லாம் பாதுகாப்பாக நின்றனர். மறைப்பின் பயனை யார் அடைகின்றனர், செலவை யார் தருகின்றனர் என்று கணக்கிட்டுப் பார்ப்போர்க்கு இவ்விடம் போதும்.

விவிலியத்தில் தாவீது அரசனிடம் அப்சலோமின் இறப்பைச் சொல்ல இருவர் ஓடிவரும் பகுதி நம் மாணவர் அறிந்ததே. முன்னோடி வந்த அகிமாஸ் செய்தியை அறிந்திருந்தும், பெரிய சந்தடியைக் கண்டதாக மட்டும் சொல்லி ஒதுங்கி நின்றான். பின்வந்த கூஷி சொல்லிவிட்டான். சிறுவயதில் அகிமாசையே நல்லவன் என்று யாம் எண்ணியிருந்தோம். ஓட்டத்தில் முந்தியவன், சொல்லவேண்டிய இடத்திற் பிந்திவிட்டான் என்று இப்போது தோன்றுகின்றது.

மறைத்தலே நன்று என்று வாதிப்போர்க்குச் சிலப்பதிகாரத்திலேயே வலிய சான்றொன்று உண்டு. அதனை ஒளித்துவிட்டு வாதிடுதல் நேர்மை ஆகாது. நீர்ப்படைக் காதையில், கங்கைக் கரையிற் பாடி அமைத்திருந்த சேரன் செங்குட்டுவன் முன் மாடல மறையோன் வருகின்றான். மதுரையில் நேர்ந்ததை அறிந்த மாதரி நள்ளிரவில் தீப்புக்கதையும், கவுந்தியடிகள் உண்ணாநோன்பால் உயிர் விட்டதையும் அவன் சொல்கின்றான். பின்னர்ப் புகார் சென்று அச்செய்தியைத் தானே உரைத்ததையும், கேட்ட பெற்றோர்க்கு நேர்ந்தவற்றையும் சொல்கின்றான். தந்தையர் இருவரும் செல்வத்தைத் துறந்து துறவு பூண்டனர். தாயர் இருவரும் உயிர் நீத்தனர். தன் வாய்ச்சொல் கேட்டவர் இறந்தமையால் அவ்வினை தீரக் கங்கையாட வந்ததாக மாடலன் கூறுகின்றான். உண்மை சொன்னதற்குக் கழுவாய் தேடிக் காவிரிக்கரையிலிருந்து கங்கைக்கரை வரை நடந்தவன் இவன். வாய்மையைப் போற்றும் மாணவர் கட்டுரைகளில் இவனைப் பற்றி ஒரு வரியும் வருவதில்லை; யாம் எழுதியவற்றிலும் முன்பு வந்ததில்லை.

இச்சான்றை எங்ஙனம் எதிர்கொள்வது? மாடலன் கங்கையாடினான் என்பது மெய். சொல்லாதிருந்திருக்கலாம் என்று அவன் ஓரிடத்தும் சொல்லவில்லை என்பதும் மெய். இறந்தோர் பொருட்டு நீராடியவன், அரசன் அவையில் அதே செய்தியை முதலிலிருந்து மீண்டும் எடுத்துரைக்கின்றான். சொல்லியதன் பாரத்தைத் தானே தாங்கிக்கொண்டான். சொல்லாமையாகிய பாரத்தைப் புகாரில் இருந்தோர் தலையில் ஏற்றவில்லை. அவன் சொல்லாதிருந்தால் அத்தாயர் எத்தனை மாதம் வாயிலை நோக்கியிருப்பர் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அறிந்த அளவே சொல்லுதல் என்பது மற்றொரு கூறு. மணிமேகலையில் ஆதிரையின் கதை உண்டு. அவள் கணவன் சாதுவன் சென்ற மரக்கலம் உடைந்தது. தப்பி வந்தோர், அவனும் இறந்தான் என்று அவளிடம் சொல்லிவிட்டனர். அவர்கள் மறைக்கவுமில்லை, பொய்க்கவும் எண்ணவில்லை. தாம் கண்ணாற் காணாததை உறுதியாகச் சொன்னார்கள், அவ்வளவே. ஆதிரை தீயை மூட்டிப் புகுந்தாள். தீ அவளைச் சுடவில்லை. சாதுவன் நாகர் நாட்டில் உயிரோடு உள்ளான் என்றும், சந்திரதத்தன் என்னும் வணிகனோடு மீள்வான் என்றும் வானொலி எழுந்தது. காப்பியத்தில் தீ சுடாது விடும், வானொலியும் திருத்தும். எம் தெருவில் அவ்விரண்டையும் எதிர்பார்த்தற்கில்லை.

துன்பமாலையில் வந்த ஆய்ச்சி இதிலும் தேர்ந்தவள் என்பது எம் கருத்து. அவள் சொன்னது சிறிது. அரண்மனைச் சிலம்பைக் கவர்ந்த கள்வன் இவன் என்று காவலர் கொலை குறித்தனர் என்னும் அளவோடு நிறுத்துகின்றாள். குறித்தல் என்னும் வினையைக் கவனிக்க. முன்பின் நோக்குவோர் கொலை முடிந்தது என்றே உணர்வர். கண்ணகியும் கணவனை இழந்தேன் என்று அரற்றுகின்றாள். ஆயினும் அச்சொல் ஒரு நூலிழை இடம் விட்டிருக்கின்றது. இழந்தேன் என்று அழுதவளே ஊர்சூழ்வரியில், கணவனைக் காண்பேன், அவன் வாய்ச்சொல் கேட்பேன் என்று சொல்லிக்கொண்டு தெருவில் நடக்கின்றாள். ஊரார் ஆரவாரத்தைக் கேட்டு வந்தவள் தான் கேட்ட அளவே சொன்னாள். உடலைக் கண்டறியும் உரிமையை மனைவிக்கே விட்டாள்.

இனி யாம் முதன்மையாகக் கருதுவதைச் சொல்வோம். அவ்வாய்ச்சி கொணர்ந்த செய்தி ஒன்றன்று, இரண்டு. ஒன்று, உன் கணவன் கொலைக்கு ஆளானான் என்பது. மற்றொன்று, கள்வன் என்னும் பழிச்சொல்லோடு ஆளானான் என்பது. இரக்கமுடைய அயலார் நம்மூரில் எவ்வாறு செய்வர்? இறப்பைச் சொல்வர், பழியை மறைப்பர். போனவர் போய்விட்டார், அதனைச் சொல்லி ஏன் புண்ணைக் கிளறவேண்டும் என்பர். அவ்வாறு செய்திருந்தால் கண்ணகி கைம்மை நோன்பு நோற்கும் பெண்ணொருத்தியாக மாதரியின் மனையிலோ புகாரிலோ இருந்திருப்பாள். ஆய்ச்சியோ பழியை முதலில் வைத்து, கொலையை அதன்பின் வைத்தாள். கேட்ட கண்ணகி எழுந்தாள், வீழ்ந்தாள், அழுதாள். பிறகு சேரி மகளிர் நடுவில் நின்று கதிரவனை நோக்கிக் கேட்ட முதல் வினா, என் கணவன் கள்வனோ என்பதே. உயிரோடு உள்ளானோ என்பது அன்று. கள்வன் அல்லன் என்ற மறுமொழி பெற்றபின் எஞ்சிய ஒற்றைச் சிலம்பைக் கையில் ஏந்திக்கொண்டு புறப்பட்டாள். சிலம்பை ஏன் எடுத்தாள்? பழி சிலம்பைப் பற்றியது என்று அவளுக்குச் சொல்லப்பட்டிருந்தது, அதனால் எடுத்தாள். வழக்குரை காதையில், கள்வனைக் கொல்லுதல் கொடுங்கோல் அன்று என்று பாண்டியன் சொன்னபோது, தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று அவள் எதிருரைத்தாள். அரசன் தன் மனைவியின் சிலம்பில் உள்ளது முத்து என்றான். சிலம்பு உடைந்தது, மணி தெறித்தது, அரசன் தன் பிழையை உணர்ந்து உயிர் நீத்தான். அவ்வளவும் பெயரறியாத ஆய்ச்சி ஒருத்தி பழிச்சொல்லை மறைக்காது சொன்னதனால் விளைந்தது. மதுரை எரிந்ததும் அதனால் அன்றோ என்று கேட்பார்க்கு விடையும் உண்டு. மதுரைக்குத் தீ வைத்தது உண்மை அன்று; விசாரியாது இட்ட கட்டளை.

1892-ஆம் ஆண்டு டாக்டர் உ. வே. சாமிநாதையர் அச்சிட்டு வெளியிடும் முன் இக்காப்பியத்தை முழுமையாக அறிந்தோர் சிலரே. எனினும் கோவலன் கதையை மக்கள் அறிந்திருந்தனர்; சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய கோவலன் நாடகத்தை ஊர்தோறும் கண்டனர். எம் பெரியப்பாவும் அக்கதையை நூல் வாயிலாக அறிந்தவர் அல்லர். அவருடைய தந்தையார் கொட்டகையில் கண்டதைக் கேட்டு அறிந்தவர். கள்வன் என்று சொல்லப்பட்ட நிரபராதியின் கதையை எமக்கு முதன்முதலிற் சொன்னவர் அவரே. இதனை ஈண்டுக் குறிப்பது ஏன் என்பது பின்னர்த் தெரியும்.

அவர் ஒரு வணிகக் கிடங்கிற் சரக்குக் கணக்கு எழுதுபவராக இருபதாண்டுக்கு மேல் பணியாற்றினார். இறப்பதற்கு மூன்று வாரம் முன், சரக்கிருப்பில் குறைவு கண்டதாகச் சொல்லி, இனி வரவேண்டா என்று அவரை அனுப்பிவிட்டனர். காவல் நிலையத்தில் எழுதிக்கொடுக்கவில்லை, விசாரணையும் இல்லை, வாய்ச்சொல்லே. அவர் அம்மூன்று வாரமும் காலையில் வழக்கம்போல் சட்டை அணிந்து வெளியே சென்று மாலையில் திரும்பினார். எங்குச் சென்றார் என்பது எவர்க்கும் தெரியாது. பெரியம்மாவுக்கே இறுதி வாரத்தில்தான் தெரியவந்தது. இறப்பை ஒரு பகல் மறைத்த பெரியோர் இப்பழியை என்றைக்குமாக மறைப்பது என்று முடிவு செய்தனர். அண்ணனுக்குத் தேர்வு இருக்கின்றது, முடியட்டும் என்றனர். தேர்வு முடிந்தது, வேலை கிடைக்கட்டும் என்றனர். யாமும் அறிந்திருந்தோம். எம்மை ஒருவரும் கேட்கவில்லை என்பதே யாம் எமக்குச் சொல்லிக்கொண்ட சமாதானம். கேளாதவர்க்குச் சொல்லாதிருத்தல் ஆய்ச்சியின் வாளாமையைப் போன்றது என்று வாதிக்கலாம். ஆனால் கண்ணகிக்குக் கேட்கவேண்டும் என்பது தெரிந்திருந்தது. தந்தை மார்படைத்து இறந்தார் என்று கேட்ட மகன் வேறு எதனைக் கேட்கக்கூடும்?

ஓராண்டு கழித்து, தந்தைக்கு வரவேண்டிய பணிக்கொடைத் தொகையைப் பெறும் பொருட்டு அண்ணன் அவ்விடம் சென்றார். அங்கிருந்த எழுத்தர் ஒருவர், சரக்கு வாங்க வந்திருந்த பலர் முன்னிலையில், உங்கள் அப்பா வைத்துவிட்டுப்போன குறைவுக்கு அது சரியாகிவிட்டது என்றார். அண்ணன் பதிலொன்றும் சொல்லாது திரும்பி வந்தார். பதில் சொல்ல அவரிடம் என்ன இருந்தது? கையில் ஏந்திச் செல்ல ஒற்றைச் சிலம்பும் அவருக்கு ஒருவரும் தந்திருக்கவில்லை.

வீட்டிற்கு வந்தவர் பெரியோர் எவரையும் கேளாது எம்மைத்தான் கேட்டார்: “உனக்குத் தெரியுமா?” தெரியும் என்றோம். எப்போதிலிருந்து என்றார். சென்ட்ரலுக்கு வந்த அன்றே தெரியும் என்றோம். சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், “அப்பா இறந்ததை நீ வழியில் சொல்லாததில் எனக்கு வருத்தமில்லை, தம்பி. இதைச் சொல்லியிருந்தால் அடக்கம் முடிந்த மறுநாளே போய் இருப்பேட்டைக் காட்டுங்கள் என்று கேட்டிருப்பேன். அப்பா கைக்குறிப்பு அலமாரியில் இருந்தது. அதைப் பழைய தாளோடு அம்மா போட்டுவிட்டார்கள், என்னவென்று தெரியாமல்” என்றார். இருப்பேட்டைக் காட்டுமாறு அதன்பின் இருமுறை எழுதிக் கேட்டார். அவ்வாண்டுக் கணக்கு முடிந்துவிட்டது என்று ஒருமுறை மறுமொழி வந்தது.

துன்பமாலையை யாம் வகுப்பிற் படித்தது அதற்குப் பின்னர். ஆய்ச்சி எதனை முன்வைத்துச் சொன்னாள் என்பது எம் கண்ணிற் பட்டதற்கு எம் நுண்ணறிவு காரணம் அன்று.

சென்ற விடுமுறையில் அண்ணன் கோயம்புத்தூரிலிருந்து வந்தார். இம்முறை எவரும் ஏவாமலே யாம் சென்ட்ரல் நிலையத்துக்குச் சென்றோம். ஆட்டோ வேண்டா, நடப்போம் என்றார். வால்டாக்ஸ் சாலையில், பெரியப்பாவின் இறுதி மூன்று வாரங்களைப் பற்றி யாம் அறிந்த அனைத்தையும், அறிந்த வரிசையிலேயே சொல்லிக்கொண்டு வந்தோம். யார் சொல்லக் கேட்டது, எது நேரே கண்டது என்று பிரித்தே சொன்னோம். அண்ணன் இடையில் ஒன்றும் கேட்கவில்லை. யானைக்கவுனிப் பாலத்தருகே வந்தபோது நின்று, சொன்னவற்றுள் ஒன்றை மட்டும் மீண்டும் சொல்லச் சொன்னார். ஒருநாள் மாலை பெரியப்பா எமக்கு வேர்க்கடலைப் பொட்டலம் வாங்கித் தந்து, “பரீட்சைக்குப் படி” என்று சொல்லிவிட்டு அப்பாலத்தின் மேல் ஏறிப் போனார் என்பது அது. அஃது எந்த நாள் என்று அண்ணன் கேட்டார். வியாழக்கிழமை என்றோம்.